கைக்கு அடங்கிய சூடு

மஞ்சக்குட்டை,
ஜூலை 9.

என் வீட்டுக்காரர் ஏசுராஜ் அவர்களுக்கு ரூபி எழுதுவது.

எல்லோரும் சுகம், உங்கள் சுகத்துக்குப் பதில் போடவும் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். உங்களுக்கு எழுதுகிற முதல் கடிதத்தைப் பொய்யோடு ஆரம்பிக்க மனசு வரவில்லை. பாப்பா சுகம். நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். மற்றதைக் கீழே எழுதுகிறேன்.

கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் உங்களுக்குக் கடிதம் எழுத வேலையே வந்ததில்லை. பெருந்துறைச் சாய மில்லில் டையிங் மாஸ்டராக இருந்தபோதுகூட சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி மலைக்கு வந்துவிடுவீர்கள். இப்போது பத்து நாளாகப் போன் ஸ்விட்ச் ஆஃப். நேற்று உங்கள் கூட்டாளி ஸ்டெபின் அண்ணன் தானாகக் கூப்பிட்டார். "தங்கச்சி, மாஸ்டர் இங்க சூரத்துல என் ரூம்லதான் இருக்காருங்க. நான் சொன்னேன்னு சொல்லிப்போடாதீங்க" என்றார். சாப்பிடுகிறாரா என்று கேட்டேன். சாப்பிடுகிறார், பேச்சுத்தான் இல்லை என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தை அவரிடம் காட்டி என்ன செய்ய? விலாசத்தை மட்டும் வாங்கிக்கொண்டேன். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவீர்கள். காகிதத்தையும் கிழித்துப் போடலாம். ஆனால் கிழிக்கிறதுக்கு முன்னால் நாலு வரியாவது கண்ணில் படும்.

ஜூன் 29 காலையில், "ஃபெபியப் பாத்துட்டுப் பொழுதோட வந்தர்றேன்" என்று சொல்லி வெள்ளைச் சட்டை போட்டுக் கிளம்பினீர்கள். ஜெயமேரி அக்காவுக்கும் சேர்த்து டிபன் பாக்ஸில் இட்லி வைத்துக் கொடுத்தேன். அக்கா அன்றைக்கு இருட்டுகிற வரைக்கும் ஆஸ்பத்திரி வார்டு வாசலில் பட்டினியாக உட்கார்ந்திருந்தாளாம். ஒரே மகள் உள்ளே வெந்து கிடக்கிறாள். பக்கத்து வீட்டு மாஸ்டர் வருவார், சாப்பாடு கொண்டு வருவார் என்று இவள் ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்திருக்கிறாள். மனுஷன் ஓடுகிறதென்றால் ஓடட்டும். அந்த டிபன் பாக்ஸை யார் கையிலாவது கொடுத்தனுப்பிவிட்டு ஓடியிருக்கக் கூடாதா?

ஐந்தாம் தேதி நான் போய் ஃபெபியைப் பார்த்தேன். உடம்பில் பாதி வெந்திருக்கிறது. இரண்டு கை, வயிறு, தொடை. முழங்கை வரைக்கும் ரப்பர் கையுறை போட்டிருந்தாள் அல்லவா, அதுவே எமனாகிவிட்டது. ட்ரம் சாய்ந்ததும் சுடுகிற சாயத் தண்ணீர் கையுறைக்குள் இறங்கி நின்றுகொண்டது. கழற்றுவதற்குள் ஆக வேண்டியது ஆகிவிட்டது. பேசுகிறாள். உங்களுக்கு ஒரு சேதி சொல்லி அனுப்பியிருக்கிறாள். அதை இதில் எழுத மாட்டேன். வாருங்கள், நேரில் சொல்கிறேன்.

முருகனைப் பற்றிக் கேளுங்கள். நீங்கள் போன மறுநாள் அவன் ஊர் தலைச்சோலைக்குப் போய், அடுப்பு எரித்தவன் என்று போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். தினமும் போய்க் கையெழுத்துப் போட வேண்டுமாம். அவனுக்குக் கையெழுத்து ஏது, கைநாட்டுத்தான். நம் சாயப் பட்டறைக் கமிட்டியில், "அடுப்புக்காரர் அளவுக்கு மீறி விறகு வைத்ததால் செங்கல் வெடித்து ட்ரம் சாய்ந்தது" என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்கள். அவன் நம் சபைக்காரன் இல்லை, அவனுக்காக எழுந்து பேச அந்த அறையில் ஆள் இல்லை. நான் அந்த அறைக்கு வெளியே நின்றேன். அவன் ஸ்டேஷனில், "மாஸ்டரு எரிக்கச் சொன்னாருங்க, எரிச்சேனுங்க" என்று சொன்னானாம். எங்கடா உன் மாஸ்டர் என்று கேட்டார்களாம். அதற்கு அவன் என்ன பதில் சொல்வான்?

அவன் சொன்னது நிஜம் என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். செங்கல் வெடித்தது நிஜம். விறகு அதிகம் வைத்ததும் நிஜம். ஏன் வைத்தான் என்பதுதான் மற்ற யாருக்கும் தெரியாது. அதைச் சொல்லச் சாயம் தெரிந்த ஆள் வேண்டும். இந்த மலையில் அப்படிப்பட்ட ஆள் ஒருவர்தான், அவர் சூரத்தில் ஸ்டெபின் அண்ணன் கட்டிலில் படுத்திருக்கிறார்.

பட்டறையைப் பூட்டிவிட்டார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சுவரில் நீங்கள் எழுதியது அப்படியே இருக்கிறது. "அறுபதுக்கு மேல் இல்லை." ஏழு பெண்களை வைத்துப் பட்டறை ஆரம்பித்த அன்று எழுதினீர்கள். டீலர் ஏதேதோ சாய டப்பாக்களை அடுக்கிக் காட்டியபோது, "எங்க பொம்பளைங்க கம்பு புடிச்சு நூலு திருப்பறவங்க. அறுவது டிகிரி சாயம் மட்டும் குடுங்க. மஞ்சள், சிவப்பு, நீலம் மூணும் ஒரே குடும்பமா இருக்கோணும்" என்று சொன்னீர்கள். எனக்கு அன்றைக்கு எவ்வளவு பெருமை. பெருந்துறையில் மிஷின் சூடு தாங்கும், இங்கே கைதான் மிஷின் என்று நீங்கள் சொன்னதை நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

பாப்பாவிடம் ஸ்கூலில் யாரோ உங்கப்பா ஓடிட்டாராடி என்று கேட்டார்களாம். வந்து என்னிடம் கேட்டாள். வேலையாகப் போயிருக்கிறார் என்றேன். பத்தாவது படிக்கிற பெண், நம்புவாளா? தலையை ஆட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். மழை பத்து நாளாக விடவில்லை. சமையலறை ஓட்டில் ஒழுகுகிறது, பாத்திரம் வைத்திருக்கிறேன்.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே ரயில் ஏறுங்கள்.

இப்படிக்கு,
ரூபி


மஞ்சக்குட்டை,
ஜூலை 22.

வீட்டுக்காரருக்கு,

ஸ்டெபின் அண்ணன் போனிலிருந்து நீங்கள் அனுப்பிய குரல் கிடைத்தது. பதினெட்டு வினாடி. "எல்லாம் கொஞ்சம் அடங்கட்டும் ரூபி. அந்தச் சாய ரெசிபி நோட்ட எடுத்து உள்ள வையி. யாரு கேட்டாலும் காணோம்னு சொல்லு." அவ்வளவுதான். ஃபெபி எப்படி இருக்கிறாள் என்று கேட்க அந்தப் பதினெட்டு வினாடியில் இடமில்லையா? நாலு தடவை போட்டுக் கேட்டேன். ஐந்தாவது தடவை போடும்போது பாப்பா வந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஃபெபிக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. இப்போது பேச்சு இல்லை. போன வாரம் பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டார். கூட வேலை பார்த்தவள் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். "என்ன சாயம்மா இது? வெந்த இடம் எது, சாயம் ஏறின இடம் எதுன்னே கண்டுபிடிக்க முடியலையே" என்றார். தோலின் நிறத்தைப் பார்த்துத்தான் எவ்வளவு ஆழமாக வெந்திருக்கிறது என்று சொல்வார்களாம். இவள் தோலில் நிறமே தெரியவில்லை. தோள்பட்டைக்குக் கீழே எல்லாம் ஒரே நீலம். எத்தனையோ தடவை கழுவிப் பார்த்துவிட்டார்கள், போகவில்லை. டர்க்காய்ஸ் நீலம், உப்பு, சோடா என்று நான் சொன்னதை எழுதிக்கொண்டார். விஷமா என்று கேட்டார். இல்லீங்க சார், துணிக்குப் போடுகிற சாயம் என்றேன். சொல்லிவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தவள் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. நூலில் நிற்க மாட்டேன் என்று அடம் பிடித்த அந்தச் சனியன் பிடித்த நீலம் இந்தப் பிள்ளை தோலில் ஒரே நிமிஷத்தில் நின்றுவிட்டது.

நீங்கள் சொல்லிக் கொடுத்ததை நான் மறக்கவில்லை. நானும் அந்த ஏழு பேரில் ஒருத்திதானே. "மூணு சாயமும் ஒரே ஜீப்புல ஏறி ஒரே ஸ்டாப்புல எறங்கோணும். ஒண்ணு முந்தி ஒண்ணு பிந்தினா நூலு ஒரு பக்கம் ஒரு கலரு, இன்னொரு பக்கம் இன்னொரு கலரு" என்று சொல்வீர்கள். டர்க்காய்ஸை மட்டும் கண்ணில் காட்ட மாட்டீர்கள். அது கனத்த உடம்புக்காரி, மெதுவாகத்தான் ஏறும், எண்பது டிகிரி இல்லாமல் நூலை ஒட்டாது, நமக்கு ஆகாது என்பீர்கள். அப்படிப்பட்டவர் அதை வாங்கி வந்தீர்கள். எதற்காக? கோடை விழாவுக்கு வந்த அந்தச் சென்னைக்காரம்மா ஒரு கடல் பச்சைத் துண்டைக் காட்டி, "இந்த ஷேட் இங்கே வராது மாஸ்டர், நான் ஈரோட்டிலே போட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், ரோசம் வந்துவிட்டது. நம்மிடம் இருந்த மஞ்சளும் நீலமும் போட்டால் இலைப் பச்சை வரும், அந்தப் பளபளப்பு வராது. வராது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

முதல் லாட் அறுபதில் போட்டோம். ட்ரம்மில் இருக்கும்போது கடல் மாதிரி இருந்தது. அலச அலச நீலம் ஓடிக்கொண்டே இருந்தது, மஞ்சள்தான் மிஞ்சியது. வழக்கம்போல வாசலில் நின்று, "கலர் புடிச்சிருச்சா கண்ணு?" என்று கேட்டீர்கள். ஃபெபி, "நூலு இன்னும் ஒத்துக்கலீங்கண்ணா, நீங்க ஒத்துக்கிட்டீங்கன்னா ஊட்டுக்குப் போலாம்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நீங்கள் சிரிக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி சோறு சரியாகச் சாப்பிடவில்லை.

எண்பதில் போடுகிற மஞ்சள் ஒன்று இருக்கிறது, டர்க்காய்ஸோடு சேர்ந்து போகும், வர ஒரு வாரமாகும் என்று நீங்களே சொன்னீர்கள். அந்த ஒரு வாரம் பொறுக்கவில்லை. இருக்கிற மஞ்சளையே போட்டு, அறுபதில் மஞ்சளைப் பிடிக்கவிட்டு, அப்புறம் எண்பதுக்கு ஏற்றி டர்க்காய்ஸைப் பிடிக்க வைக்கலாம் என்று கணக்குப் போட்டீர்கள். நோட்டில் உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. இரண்டாவது லாட் போட்ட அன்று வெளியே மூடுபனி, ட்ரம் திறந்த ட்ரம், சூடு ஏறவே இல்லை. சில்வர் ஓக் விறகு போதாது, காப்பிக் கட்டையை வை என்றீர்கள். முருகன் தயங்கினான். "ஏனுங்க மாஸ்டர், அடுப்பு தாங்குமுங்களா?" என்று கேட்டான். என் காது கேட்கக் கேட்டான். வைடா என்றீர்கள்.

நேற்று அவன் பொண்டாட்டி சசிகலா வந்தாள். மழையில் தலைச்சோலையிலிருந்து வந்திருக்கிறாள், பை நிறையக் கொய்யா வேறு. உதவி கேட்க வருகிறவள் வெறுங்கையோடு வரக் கூடாது என்று நினைத்திருக்கிறாள். "ஏனுங்கக்கா, எம்பதுன்னா என்னன்னுகூட அவருக்குத் தெரியாதுங்க. எரின்னாங்க, எரிச்சாரு. அந்தப் புள்ளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா இவர உள்ள வெச்சிருவாங்களாம். மாஸ்டரு ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்க" என்றாள். எஸ்டேட்டிலும் முருகனை வேலைக்குக் கூப்பிடுவதில்லை. ஆளைக் கொளுத்தினவன் என்று பேராகிவிட்டது. நான் காப்பி போட்டுக் கொடுத்தேன். எங்கே இருக்கிறார் என்று கேட்டாள். தெரியாது என்றேன். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொய்யாவை யாரும் தொடவில்லை, கூடையில் அழுகுகிறது.

நீங்கள் கெட்டவர் இல்லை. அது எனக்குத் தெரியும். அன்றைக்கு ட்ரம் சாய்ந்ததும் வெறுங்கையோடு ஓடிப்போய் அவளைத் தூக்கியது நீங்கள்தான். உங்கள் கையும் வெந்தது. ஜீப்பில் மலை இறங்குகிற வரைக்கும் அவள் தலையை மடியில் வைத்திருந்தீர்கள். அப்படிப்பட்டவர் இரண்டு நாள் கழித்து எதைக் கண்டு ஓடினீர்கள் என்று எனக்குப் புரிகிறது. புரிகிறது என்பதால் பொறுத்துக்கொள்ள முடியும் என்று நினைக்காதீர்கள்.

நோட்டை உள்ளே வைத்திருக்கிறேன். உங்களுக்காக இல்லை. நீங்கள் வந்து உங்கள் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பதற்காக வைத்திருக்கிறேன். பைபிளோடு வைக்க மனசு வரவில்லை, அரிசி டப்பாவில் இருக்கிறது.

உங்கள் கைப் புண் ஆறிவிட்டதா? தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

ரூபி


மஞ்சக்குட்டை,
ஆகஸ்ட் 3.

ஏசுராஜ் அவர்களுக்கு,

ஃபெபி போய்விட்டாள். ஜூலை 30, விடிந்து ஏழு மணிக்கு. ஸ்டெபின் அண்ணனிடம் அன்றைக்கே சொன்னேன். உங்களிடம் சொன்னாராம். எழுந்து குழாயடிக்குப் போய் வெகு நேரம் கை கழுவிக்கொண்டிருந்தீர்களாம்.

மறுநாள் அடக்கம். நம் சபைக் கல்லறையில், பெரிய பலாமரத்துக்குப் பக்கத்தில். மழை தூறிக்கொண்டுதான் இருந்தது. கொட்டச்சேட்டிலிருந்து அவள் அப்பா வழிச் சொந்தம் எல்லாம் வந்திருந்தார்கள். ஜெயமேரி அக்கா அழவில்லை. வெள்ளை கவுன் போட்டு, கைக்கு வெள்ளைத் துணி சுற்றினோம். விரல் நுனி மட்டும் மூடவில்லை. தோல் எல்லாம் உரிந்து போய்விட்டது, நகம் மட்டும் பத்தும் நீலமாகவே இருந்தது. அக்கா ஒவ்வொரு நகமாகத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தாள். "போவ மாட்டேங்குதே ரூபி, இப்படியேவா அனுப்பறது?" என்று என்னிடம் கேட்டாள். எத்தனை சாயத்தை அலசியிருக்கிறேன் நான்.

முருகன் கல்லறைக் கேட்டுக்கு வெளியே நின்றான், குடையில்லாமல். உள்ளே வா என்று யாரும் கூப்பிடவில்லை. மண் போட்டு முடிந்து எல்லோரும் திரும்பும்போது ஃபெபியின் சித்தப்பா ஒருவர் அவன் சட்டையைப் பிடித்தார். அடித்தார். அவன் கையைக்கூடத் தூக்கவில்லை. "அடிங்க சாமி, அடிங்க" என்று நின்றுகொண்டிருந்தான். செய்யாத தப்புக்கு அடி வாங்குகிறவன் ஏன் அப்படி நிற்கிறான் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது. அடுப்பு தாங்குமா என்று கேட்டவன், கேட்டுவிட்டு ஏன் கட்டையை வைத்தோம் என்று தன்னையே கேட்டுக்கொள்கிறான். எல்லோரையும்விட அவனுக்குத்தான் அந்த யோசனை வந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்தேன். ஈரச் சேலையை மாற்றவில்லை. அரிசி டப்பாவிலிருந்து நோட்டை எடுத்தேன். முதல் லாட்டில் அலசாமல் எடுத்து வைத்த நூல் சிட்டம் ஒன்று வீட்டில் இருந்தது, அதையும் எடுத்துக்கொண்டேன். பாப்பா, "நானும் வர்றேம்மா" என்றாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டு பேரும் பஸ் ஏறி ஸ்டேஷனுக்குப் போனோம்.

எஸ்.ஐ. ஒரு பெண். நோட்டைப் புரட்டினார், எண்பது என்று போட்டிருக்கிறதே, அதனால் என்ன என்று கேட்டார். நான் பக்கத்து டீக்கடையிலிருந்து ஒரு சொம்பு வெந்நீர் வாங்கி வந்தேன். கண்ணாடி டம்ளரில் ஊற்றி, அந்தச் சிட்டத்தை முக்கி எடுத்தேன். தண்ணீர் நீலமானது. கொட்டிவிட்டு இன்னொரு தரம். மறுபடியும் நீலம். நாலாவது தரம் முக்கியபோது பச்சையாக இருந்த நூல் மஞ்சளாகவே ஆகிவிட்டது. "இது அறுபது டிகிரியில போட்டதுங்க மேடம். மஞ்சள் நின்னுருச்சு, நீலம் நிக்கல. இந்த ரெண்டு சாயமும் ஒண்ணோட ஒண்ணு சேராதுங்க. இந்த நீலத்த நிக்க வைக்கோணும்னா எம்பது வேணும். எம்பதுக்கு எங்க அடுப்பும் ஆகாது, எங்க கையும் ஆகாது. அதுக்குத்தான் காப்பிக் கட்டைய வெக்கச் சொன்னாங்க. முருகன் தானா வெக்கலைங்க" என்றேன். டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த நீலத்தைத் தேர்ந்தெடுத்தது யார் என்று கேட்டார்.

உங்கள் பேரைச் சொன்னேன். பாப்பா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

சாயத்தை நிறுத்துப் போட்டது யார் என்று கேட்டார். நான் என்றேன். அதையும் சொல்லத்தானே போனேன். டப்பாவைத் திறந்தபோதே அது டர்க்காய்ஸ் என்று எனக்குத் தெரியும். சுவரில் எழுதியிருந்ததும் கண்ணுக்கு நேரே இருந்தது. வாயைத் திறந்தேன். "நீ மாஸ்டரா, நான் மாஸ்டரா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பீர்கள், அதற்கு முந்தின மாதம் அப்படிக் கேட்டீர்கள். வாயை மூடிக்கொண்டு தராசில் கொட்டினேன். இன்னொன்றையும் உங்களிடம் மட்டுமாவது சொல்ல வேண்டும், ஏனென்றால் அது யாருக்கும் தெரியாது. ட்ரம் சாய்ந்த பக்கம் கம்பு பிடித்து நின்றிருக்க வேண்டியவள் நான். அது என் இடம். ஆவி முகத்தில் அடிக்கிறது, மூச்சு முட்டுகிறது என்று, "ரெண்டு நிமிசம் புடி கண்ணு, தண்ணி குடிச்சுட்டு வந்தர்றேன்" என்று ஃபெபியிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அந்த இரண்டு நிமிஷம்தான். ஜெயமேரி அக்காவிடம் இதைச் சொல்ல வேண்டும். தினமும் அவள் வாசல் வரைக்கும் போகிறேன், கஞ்சியைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறேன். எனக்கும் ஓட இடம் தேவைப்படுகிறது பாருங்கள். உங்களுக்கு சூரத், எனக்கு என் வீட்டுச் சமையலறை.

முருகன் பேரை அவர்கள் கேஸிலிருந்து இன்னும் எடுக்கவில்லை. நான் பொண்டாட்டி, என் வாக்குமூலம் மட்டும் போதாதாம். மாஸ்டர் வந்து, நான்தான் சொன்னேன் என்று கையெழுத்துப் போட்டால் அவன் அதிலிருந்து வெளியே வருவான். இல்லையென்றால் கேஸ் இரண்டு பேர் மேலும் போகும், அதில் படிப்பறிவில்லாதவன் எப்படித் தப்புவான் என்று எஸ்.ஐ.யே சொன்னார். எங்கே இருக்கிறார் என்று கேட்டார். சசிகலாவிடம் தெரியாது என்றவள் இந்தத் தடவை அப்படிச் சொல்லவில்லை. ஸ்டெபின் அண்ணன் விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். எஸ்.ஐ. ஆள் அனுப்புவதற்கு முன்னால் ஒரு வாரம் கேட்டேன், பதினைந்தாம் தேதி வரைக்கும் தருகிறேன் என்றார். போலீஸ் கூட்டி வந்தால் முருகன் தப்பித்தாலும் நீங்கள் எனக்குத் திரும்பி வந்ததாக ஆகாது. நீங்களாக வந்தால் எத்தனை வருஷம் உள்ளே வைத்தாலும் மாதா மாதம் நானும் பாப்பாவும் வந்து பார்ப்போம். இதை நான் சும்மா சொல்லவில்லை.

வரும்போது பகல் பஸ்ஸில் வாருங்கள். கடைத்தெரு வழியாக நடந்து வாருங்கள். முதலில் நம் வீட்டுக்கு வர வேண்டாம், ஜெயமேரி அக்கா வீட்டுக்குப் போங்கள். அந்த டிபன் பாக்ஸ் உங்களிடம்தானே இருக்கிறது, அதை எடுத்து வந்து அவள் கையில் கொடுங்கள். நானும் வருகிறேன். நான் சொல்ல வேண்டியதை நீங்கள் பக்கத்தில் நின்றால் சொல்லிவிடுவேன் என்று நினைக்கிறேன். தனியாக என்னால் முடியவில்லை.

ஃபெபி சொல்லி அனுப்பிய சேதியை நேரில்தான் சொல்வேன் என்று எழுதியிருந்தேன். இனி இதை ஒருத்தியாக வைத்திருக்க என்னால் ஆகாது. அன்றைக்கு ஐந்தாம் தேதி, கட்டுக்கு வெளியே தெரிந்த விரலைத் தூக்கி என்னிடம் காட்டினாள். சிரிக்கப் பார்த்தாள், உதடு வெடித்திருந்ததால் முடியவில்லை. "அக்கா, பத்து அலசல் அலசிட்டாங்க, ஒரு சொட்டு எறங்கல. அண்ணா வெசனப்பட்டுட்டு இருப்பாரு. கலர் நல்லாப் புடிச்சிருச்சுன்னு சொல்லீருங்க" என்றாள்.

சொல்லிவிட்டேன். மலை ஏறி வர ஆண்டவர் உங்கள் காலுக்குப் பலம் தரட்டும்.

ரூபி